ஓங்கிய கை

மகன் சுந்தர்சிங்கை இழுத்துக்கொண்டு, கரும்பு வெட்டும் கத்தியும் கையுமாக எலியாஸ் வகுப்புக்குள் நுழைந்தான். பிள்ளைகள் அலறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பையனின் உதடு கிழிந்து ரத்தம் கசிந்தது.

"எம் புள்ளைய அடிச்சது யாரு?"

"நான்தான்," என்றார் புது வாத்தியார் துளசிங்கம். "இவன் பக்கத்துப் பையனோட மண்டையச் சிலேட்டால உடைச்சான்."

"பிரம்பாலயா அடிச்சீங்க?"

"கையாலதான். கோவத்துல அறைஞ்சிட்டேன்."

கத்தி நழுவித் தரையில் விழுந்தது.

"திருத்தணியில எந்த வாத்தியாரும் எங்க புள்ளைங்கள தொட்டதில்லீங்க. தீட்டுன்னு தூரமா நின்னுகினு பிரம்ப வீசுவாங்க. கையால அடிச்சார்னு இவன் சொன்னான். நம்பமுடியாம வேலையப் போட்டுட்டு ஓடியாந்தேன்."

எலியாஸ் தயங்கினான்.

"அந்தக் கைய ஒருவாட்டி நான் தொட்டுக்கலாமாங்க?"