கொழும்புக்கு மேலே

பின்னேர வெயில் கடலில் மினுங்க, லோஞ்சுப் படகு மூதூரை நெருங்குகிறது. பேணாட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை, கால் பலகையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஆதம்பாவா கிணற்றுக்குப் போகும் பாதையை மறித்துப் பேணாட் அடைத்த வேலி, வழக்காகி, இணக்கசபையில் தோற்று, திருகோணமலைக் கோட்டில் தோற்று, கொழும்புப் பெரிய கோட்டிலும் தோற்றுவிட்டதாக இன்றுதான் வழக்குப் பேசின அப்புக்காத்து சொல்லியிருக்கிறார். வென்ற ஆதம்பாவாவோ எதிரிலேயே இருந்து வெற்றிலை மெல்லுகிறார். இருப்பது ஒரே லோஞ்சுதானே. “வேலியை எப்ப பிடுங்கிறீங்கள், பேணாட்?” “லண்டன் கோட்டுக்கு அப்பீல் போவன், ஆதம்பாவா நானா.” “லண்டனுக்கு அப்பீல் போறதை அரசாங்கமே நிப்பாட்டிப் போட்டுது. இனிக் கொழும்புக்கு மேல படைச்சவன்தான்.” இவ்வளவு நேரமும் காதை நீட்டிக்கொண்டிருந்த லோஞ்சே சிரிக்கிறது. பேணாட் எழும்புகிறார், இருக்கிறார், திரும்பவும் எழும்புகிறார். “அவரிட்டப் போய் என்ன பிரயோசனம்? அவர் உங்களையும் படைச்சவரெல்லோ!”