மாமியாருக்குப் பிடித்த படம்

“இந்த வாரமும் அழுகைப் படம்தானா அத்தை?”

“நல்ல படம்னு சொன்னாங்கம்மா. கிளம்பு, கிளம்பு.”

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடியை மாட்டிவிட்டு, ‘உங்களுக்கு எடுப்பா இருக்கு சார்’ என்று வாரம் முழுக்கப் பல்லைக் காட்ட வேண்டும். கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையும் யாரோ சாவதைப் பார்க்கப் போக வேண்டுமா?

அதுவும், அவள் அம்மாவைப் பறிகொடுத்துச் சில மாதம்தான் ஆகிறது. அதைக்கூட நினைத்துப் பார்க்காத மாமியார்!

அம்மா போனபோது அவள் அழவில்லை. வந்தவர்களைக் கவனிக்கவும் தம்பியைத் தேற்றவுமே நேரம் சரியாக இருந்தது. ‘சரியான கல் நெஞ்சுக்காரி’ என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழத்தான் செய்தது. மறு வாரமே கடைக்குப் போய்விட்டாள்.

தியேட்டரில் இடைவேளைக்குள்ளேயே கதாநாயகியின் அப்பா காலி. பிறகு கதாநாயகிக்கு இருமல் வந்தது. சினிமாவில் இருமல் வந்தால் என்ன ஆகும் என்று யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தும் மருமகளுக்குத் தாரை தாரையாகக் கொட்டியது.

மாமியார் கைக்குட்டையை நீட்டினாள். அவள் கண்ணில் பொட்டு ஈரம் கிடையாது.

வெளியே வந்ததும் மருமகள் ஆரம்பித்தாள்.

“சோகம் மட்டும் இருந்தா படமாயிடுமா அத்தை? கதைன்னு ஒண்ணு வேணாமா?”

“நீ அழுதேல்ல?”

“அழுதேன். வெங்காயம் நறுக்கினாக்கூடத்தான் அழறேன்.”

“அப்ப நல்ல படம்தான்.”

இதென்ன கணக்கு? தான் அழாதவளுக்கு அழுகைப் படத்தில் அப்படி என்ன ருசி? கேள்வி மருமகளின் மண்டையைக் குடைந்தது. அடுத்த வாரம் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அதற்கு முன்னால் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“உங்கம்மாவுக்கு அழுகைப் படம்னா ஏன் இவ்வளவு ஆசை?”

“யாருக்கு? அம்மாவுக்கா?” நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். “நல்லா கேட்டீங்க அண்ணி! டிவியில யாராவது மூக்கை உறிஞ்சினாலே சேனலை மாத்திடுவாங்க. அவங்களுக்கு சிரிப்புப் படம்தான் உசிரு.”

மருமகள் போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உண்மையைச் சொல்லுங்க அத்தை. உங்களுக்கே பிடிக்காத படத்துக்கு என்னை ஏன் இழுத்துட்டுப் போறீங்க?”

மாமியார் கை நின்றது.

“உங்கம்மா போனப்ப நீ அழவே இல்லையேம்மா. வீட்டுல உக்கார வெச்சு ‘அழு’ன்னு சொன்னா அழுவியா? இருட்டுல, யாருக்கோ அழற மாதிரியாவது அழட்டுமேன்னுதான்...”

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “அம்மா” என்றுதான் வந்தது. அப்படியே மாமியாரின் மடியில் சரிந்துவிட்டாள். இத்தனை மாதம் எங்கே இருந்ததோ, அத்தனையும் வந்தது. அழாத மாமியாரின் கண்ணும் அன்றைக்கு நனைந்தது. அவள் மருமகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு வழியாக அழுகை ஓய்ந்ததும், மடித்து வைத்த கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“அப்பாடா! இனிமேலாவது என்னை ஒரு சிரிப்புப் படத்துக்குக் கூட்டிட்டுப் போவியா?”