வலது கால்

"காதுக்குப் பக்கத்துல தோளுக்கு என்ன சார் வேலை? இறக்குங்க."

பின் சீட்டில் இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண், அவர் தோளில் இரண்டு விரலை வைத்தாள். தோள் இறங்கியது. விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே ஏறிக்கொண்டது.

"இறக்கித்தான் வச்சிருக்கேன்" என்றார் அவர், பல்லைக் கடித்தபடி.

"பல்லையும் விட்டுடுங்க."

முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்த மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கார் மெதுவாகக் கடைத்தெருவுக்குள் நுழைந்தது.

அவருக்கு வலது காலில் வலி. இடுப்பில் புறப்பட்டுக் குதிகால்வரை இழுக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எலும்பிலும் பழுதில்லை, நரம்பிலும் பழுதில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆறு வாரமாக இந்தப் பெண்ணிடம் போகிறார். அங்கே கட்டிலில் படுக்க வைத்தால் சொன்னபடி கேட்கிற கால், காரில் உட்கார்ந்தால் மட்டும் கட்டையாகிவிடும். போன மாதம் பல் டாக்டரிடம் போய்வந்த இருபது நிமிடத்துக்கே, மனைவியும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அவரை இறக்கினார்கள். "அப்போ கார்லயே வச்சுப் பார்த்துடறேன்" என்று இன்று அந்தப் பெண்ணே கிளம்பி வந்திருந்தாள்.

நாளைக்கு ஏழு மணி நேரப் பயணம். மகளுக்குக் குழந்தை பிறந்து பதினோரு நாளாகிறது. பேத்தியை அவர் இன்னும் செல்போனில்தான் பார்த்திருக்கிறார்.

"ரவுண்டானா வரைக்கும் போயிட்டுத் திரும்பறோம்" என்றாள் அந்தப் பெண். "வீட்டு வாசல்ல நீங்களா இறங்கி நடந்தீங்கன்னா நாளைக்குப் போங்க. யாராவது தூக்கி விடணும்னா, பாப்பாவை இன்னும் ஒரு மாசம் போன்லயே கொஞ்சிக்குங்க."

"நான் நடப்பேன்."

"நடக்கறது அப்புறம். இப்போ அந்த வலது காலைப் பாருங்க. எதுக்கு இப்படி மிதிக்கிறீங்க?"

குனிந்து பார்த்தார். கால் அவரைக் கேட்காமலே அழுந்திக் கிடந்தது.

"பழக்கதோஷம்மா."

"சும்மா வைங்க அதை."

"சும்மா வச்சா, எவனாவது குறுக்கே வந்தா என்ன பண்றது? முப்பத்தோரு வருஷம் கார்லயே உட்கார்ந்து பொழச்சவன் நான். ஒரு கீறல் விழுந்ததில்ல."

"அந்த முப்பத்தோரு வருஷமும்தான் சார் இப்போ உங்க கால்ல உட்கார்ந்திருக்கு."

மனைவிக்கு அந்தப் பதில் ரொம்பவே பிடித்துப்போனது. "இதையே நான் சொன்னா என்னைக்குக் காதுல விழுந்திருக்கு?"

அவர் கண் ரோட்டிலேயே இருந்தது. "லாரி வருது" என்றார்.

"பார்த்தாச்சு" என்றாள் மனைவி.

"சைக்கிள்."

"அதையும் பார்த்தாச்சு. உங்களுக்கு மட்டும்தான் கண்ணு இருக்கா? மூச்சை விடுங்க."

விட்டார். பின் சீட்டுக்காரி அவரை விடுவதாக இல்லை.

"கையைப் பாருங்க, கணுவெல்லாம் வெளுத்துப்போச்சு. பிடியைத் தளர்த்துங்க."

"விட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதும்மா."

"ஒண்ணும் ஆகாது. ஒவ்வொரு விரலா விடுங்க. சுண்டு விரல்ல ஆரம்பிங்க."

சுண்டு விரல் விட்டது. பக்கத்து விரலும் அரை மனதாக விட்டது. ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பும்போது தோள் தானாகவே இறங்கியிருந்தது. முதுகு சீட்டில் படிந்தது. அதுவரை இரண்டுக்கும் நடுவில் ஒரு தலையணையைச் செருகியிருக்கலாம். கால் மட்டும் பிடித்த பிடியில் நின்றது.

"அதுவும் வரும்" என்றாள் அவள். தன் வேலை தெரிந்தவளின் குரல் அது. "பாப்பாவை மடியில வச்சுக்கிட்டும் இப்படித்தான் விறைச்சு உட்கார்ந்திருப்பீங்களா?"

அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. பிஞ்சுக் குழந்தை இந்த மடியில் எப்படித் தூங்கும் என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து, நிறுத்தத்தில் நின்றிருந்த பஸ் ஒன்று, விளக்கும் போடாமல் கையும் காட்டாமல் குறுக்கே வந்தது.

அவர் கால் துடித்தது.

"விடுங்க சார்" என்றாள் அந்தப் பெண், பதறாமல்.

மனைவியின் கண் பஸ் மேலேயே இருந்தது.

அவர் வலது காலைத் தூக்கினார். பின்னுக்கு இழுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் போட்டார். பயம் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணையும் மூடிக்கொண்டார்.

கார், பஸ்ஸுக்கு ஒரு முழம் பின்னால் அலுங்காமல் நின்றது. பஸ் போனதும் மறுபடி கிளம்பியது.

வீட்டு வாசலில் அவரே கதவைத் திறந்து இறங்கினார். பழக்கத்தில் ஓடிவந்த வாட்ச்மேனிடம், "வேணாம்பா, நில்லு" என்றார். கேட் வரை நடந்தார். திரும்பி நடந்தார். கால் இழுக்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் இன்னொரு தடவையும் நடந்து காட்டினார்.

"காலையில ஆறு மணிக்குக் கிளம்பிடலாம்" என்றாள் மனைவி, ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்கியபடி. "இன்னிக்கு மாதிரியே நான் ஓட்டிக்கறேன். நீங்க பக்கத்துல தூங்கிட்டே வாங்க."

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக அவர் வேலை பார்த்த வண்டிகளில், பழகுகிறவர்களை நம்பாமல் வாத்தியாரின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற இரண்டு வருடமாக, மனைவி ஓட்டும் சொந்தக் காரில், இல்லாத அந்த பிரேக்கைத்தான் அவர் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார்.