முதல் மணி நேரம்

வாசலிலேயே மீன் வறுக்கும் மணம் ஆளைத் தூக்கியது. உள்ளே யாரோ கலகலவென்று சிரித்தார்கள். ஜெயராணிக்குக் காதுமடல் வரை சூடேறியது.

இந்த வீட்டு ராஜவேல் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து இன்றோடு இருபது நாள். கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஆலயக் கோபுரத்தில் ஏறியவன், ஏணி சறுக்கி விழுந்தான். அன்றைக்கே ஸ்டார் எரிந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் ஜெயராணிதான். அதிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

பாடகர் குழுவில் அவன் குரல் இல்லாமல் ஞாயிறு ஆராதனையே சப்பென்று ஆகிவிட்டதாக ஆயர் பிரசங்கத்தின் நடுவே கண்கலங்கினார். அன்றைக்கே ஜெயராணி எழுந்து நின்று, வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் என்று அறிவித்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பெண்கள் சங்கச் செயலாளராக அவள் எடுத்துச் செய்யும் பெரிய காரியம் இதுதான்.

மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை, மணிக்கு ஒரு குடும்பம் முன்னால் வந்து ஜெபம் நடத்த வேண்டும். தங்கள் செம்மண்டலம் பகுதியில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெயர் எழுதினாள். விடியற்காலை இரண்டு மணி என்றதும் எல்லோரும் நழுவினார்கள்.

கமிட்டி மெம்பர் கண்ணாயிரம் கொட்டாவி விட்டபடி, "பத்து மணியோட முடிச்சிக்கலாமே டீச்சர். பனி வேற ஜாஸ்தியா இருக்குது" என்றார்.

"நீங்க இழுத்துப் போத்திக்கினு தூங்குங்க சார். ரெண்டு மணிக்கும் நானே முழங்கால் போடறேன்!" என்று கத்திவிட்டு வந்திருந்தாள்.

இப்போது பட்டியலில் முதல் மணி நேரம் மட்டும்தான் காலி. அது ராஜவேலின் மனைவி பிரிசில்லாவுக்கென்று வைத்திருந்தது. மூன்று முறை ஆள் அனுப்பியும் பதில் இல்லாததால் இன்று ஜெயராணியே நேரில் வந்திருக்கிறாள். வந்தால், இந்தச் சிரிப்பு.

"நல்லா இருக்குதும்மா குடும்பம்!" செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "அங்க ஒரு மனுஷன் உசுருக்குப் போராடறான். இங்க சங்கரா மீனும் சிரிப்பும்!"

பிரிசில்லா முந்தானையில் கையைத் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்தாள். "கயலு ரொம்ப நாளா கேட்டுக்கினே இருந்துச்சி டீச்சர். அதான்."

அவளுடைய ஒன்பது வயது மகள் கயல் ஓடிவந்து நாற்காலி போட்டாள். சிரித்தது அவள்தான்.

"சிதம்பரம் போனியா?"

"காத்தால போயிட்டு வந்தேன்."

"டாக்டர் என்னா சொல்றாரு?"

"இனிமே கடவுள் கையிலதான் இருக்குதுன்னு சொல்றாரு."

"அந்தக் கடவுள்கிட்டதானே கேக்கப் போறோம்! முந்நூறு பேரு வராங்க. திருப்பாதிரிப்புலியூர்லேந்து கூட ஆளுங்க வரேன்னு சொல்லியிருக்காங்க." ஜெயராணி நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். "ஆறு மணிக்கு உம் பேரு. எழுதிக்கறேன்."

"எம் பேரு வாணாம் டீச்சர்."

"ஏன், வர மாட்டியா?"

"வர்ல."

"சரி, அவன் போட்டோ ஒண்ணாவது குடு. பேனர்ல போடணும்."

பிரிசில்லா தரையைப் பார்த்தாள். "பேனரும் வாணாம். இந்த ஜெபத்தையே வச்சிக்காம வுட்டுட முடியாதா டீச்சர்?"

இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஜெயராணிக்கு மொத்தமாகத் திரண்டு வந்தது. "யாருக்காகடி நான் தெருத்தெருவா அலையறேன்? எம் புருஷனுக்கா?" என்று கத்தியபடி நோட்டை மேஜைமேல் ஓங்கி அடித்தாள்.

அந்தச் சத்தத்தில் கயல் விருட்டென்று நாற்காலிக்குப் பின்னால் பதுங்கி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். இத்தனூண்டு பெண்ணுக்கு இவ்வளவு நடிப்பா என்று ஜெயராணிக்கு அவள்மேலும் எரிச்சல் வந்தது.

பிரிசில்லா குனிந்து மகளின் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "ஒண்ணுமில்லடி கண்ணு. டீச்சர்தான். நீ போயி வெளிய வெளையாடு."

ஜெயராணி விடுவதாக இல்லை. "பன்னண்டு வருஷம் ஆலயத்துல பாடியிருக்கான். ஊரே அவனுக்காக அழுவுது. உங் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஜெபம் பண்ணக் கூப்ட்டா வாணாங்கற. கோயிலுக்கு வரவ பேசற பேச்சா இது?"

பிரிசில்லா அடுப்பை அணைத்தாள். மீன் சட்டியை இறக்கி வைத்தாள்.

"வாயத் தொறந்து சொல்லு! உனக்கு ஜெபத்துமேல நம்பிக்கையே கெடையாதா?"

கயல் படியிறங்கித் தெருவுக்குப் போகும் வரை பிரிசில்லா காத்திருந்தாள். கதவைச் சாத்தினாள். ஜெயராணியின் பக்கம் திரும்பினாள்.

"நம்பிக்கை இருக்கறதாலதான் பயமா இருக்குது. முந்நூறு பேரு சேந்து கேட்டா, ஆண்டவரு அவர எழுப்பி வூட்டுக்கு அனுப்பிடுவாரு டீச்சர்."