கிரீன்லாந்திலிருந்து வந்த மணல்

“கதவத் திறக்க முடியாது. வெளிச்சம் பட்டா மண்ணு எல்லாம் போச்சு” என்றாள் உர்சுலா உள்ளேயிருந்து.

பக்கத்து லேபிலிருந்து யாரோ தட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

“அக்கா, நான்தான். கேரன்.”

தங்கையின் குரலை அவள் கடைசியாகக் கேட்டது அம்மாவின் அடக்கத்தன்று. அதுவும் இவளிடம் பேசியதல்ல. பாஸ்டரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள் கேரன். உர்சுலா கல்லறைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

அறையில் மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. பல்கலைக்கழகத்தின் அந்த மாடியில் ஜன்னலே இல்லாத அறை இது. கிரீன்லாந்தில் பனிப்பாளத்தைத் துளைத்து, அதன் அடியிலிருந்து எடுத்த மணல் இரும்புக் குழாய்க்குள் அடைபட்டு கோலாலம்பூருக்கு வந்திருந்தது.

மணலுக்கு ஒரு குணம் உண்டு. இருட்டில் புதைந்து கிடக்கும்வரை, சுற்றியிருக்கும் மண்ணின் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். சேர்ந்ததை அளந்தால் அது கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் பனி எப்போது இல்லாமல் இருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

அளப்பதற்குள் இந்தச் சிவப்பு விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் பட்டால் எல்லாம் அழிந்துபோகும். அப்புறம் அது போர்ட் டிக்சன் கடற்கரை மணலைப் போல வெறும் மணல்.

புதிதாக வரும் மாணவர்களுக்கு உர்சுலா இதைச் சொல்லிக் கொடுக்கும்போது யாராவது ஒருவர் கேட்பார், நாள் முழுக்க இருட்டில் தனியாக இருக்கக் கஷ்டமாக இல்லையா என்று. பழகிவிட்டது என்பாள். இந்த வேலையைத் தானே கேட்டு வாங்கியதை யாரிடமும் சொன்னதில்லை.

“லெஸ்லி போயிட்டாருக்கா.”

உர்சுலா கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தாள்.

“எப்ப?”

“காலையில. ஹார்ட். பசியாறிக்கிட்டு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு.”

லெஸ்லி கேரனின் கணவர். அதற்கு முன்பு உர்சுலாவின் கணவர்.

ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு இருவரும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து, ஹாலில் உட்கார்ந்து, அவளிடம் விஷயத்தைச் சொன்னார்கள். உர்சுலா சத்தம் போடவில்லை. பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொடுத்தாள். அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு இருவரிடமும் அவள் பேசவில்லை.

“போன் பண்ணியிருக்கலாம்.”

“பண்ணேன். நீ எடுக்கல.”

போனை இந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது. அது வெளியே லாக்கரில் கிடந்தது.

“கிள்ளான்ல இருந்து கொமுட்டர் ரயில் பிடிச்சு வந்தேன். வீடு நிறைய ஆளுங்க, சர்ச்சுக்காரங்க. யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கு அடக்கம். பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி நீ வந்து பாக்கணும்னா வா. நான் வெளிய போயி நின்னுக்குறேன். உன் பக்கத்துல வரமாட்டேன்.”

உர்சுலா மேசைமேல் இருந்த துணியை எடுத்து மடித்தாள்.

“வேலை முடிய இன்னும் ரொம்ப நேரம் ஆகும்” என்றாள்.

“பரவால்ல லா. உக்காந்திருக்கேன்.”

கதவின் மறுபக்கத்தில் முதுகு உரசும் சத்தம் கேட்டது. கேரன் தரையில் உட்கார்ந்துவிட்டாள் போலிருந்தது. வராந்தாவில் யாரோ நடந்து போனார்கள். லிஃப்ட் திறந்து மூடியது.

கொஞ்ச நேரம் கழித்து உர்சுலாவும் கதவருகே வந்து, உள்பக்கம் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் அவரப் பத்தியே பேசுறாங்கக்கா” என்றாள் கேரன். குரல் இப்போது காதுக்கு மிக அருகில் இருந்தது. “நல்ல மனுசன், நல்லா பாடுவாரு, கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாருன்னு. அவரு தூக்கத்துல பல்லக் கடிக்கிறது அங்க ஒருத்தருக்கும் தெரியாது. அத நான் யார்கிட்டப் போயி பேசுறது?”

உர்சுலா சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நறநறப்பு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கல்யாணமான புதிதில் வீட்டில் எலி புகுந்துவிட்டதென்று எழுந்து தேடியிருக்கிறாள்.

“இடது பக்கம் திருப்பிப் படுக்க வச்சா நின்னுரும்” என்றாள்.



“எனக்குத் தெரியாதுக்கா” என்றாள் கேரன். “இத்தன வருசமும் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் தூங்குனேன்.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்று உர்சுலாவுக்குப் புரிந்தது. சின்ன வயதில் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே பாயில் படுத்திருந்தபோதும் அவள் இப்படித்தான் அழுவாள்.

உர்சுலா எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள்.

வராந்தாவின் டியூப்லைட் வெளிச்சம் அறைக்குள் பாய்ந்தது. பதறி எழுந்த கேரன் இரண்டு கையாலும் கதவைத் திரும்ப இழுத்தாள்.

“அக்கா, மண்ணு.”

“காலையிலயே அளக்குற மெஷினுக்குள்ள வச்சு மூடிட்டேன்.”

கேரன் உள்ளே எட்டிப் பார்த்தாள். மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஒரு மூலையில் மடித்த துணி. வேறு ஒன்றுமில்லை.

அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள்.