பச்சைப் பக்கம், சிவப்புப் பக்கம்

"சாலட் நக்கோம்மா, வேணாம். இலை தழையைத் தின்னு வயித்தை ரொப்பிட்டா, அப்புறம் கறிக்கு இடம் ஏது?" என்று கிண்ணத்தை நகர்த்தி வைத்தார் குணசேகரன்.

ஷர்மிளாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா முப்பத்தைந்து வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செகந்திராபாத்தில் ஓர் இரானி டீக்கடை, அதை விட்டால் ஒரு பிரியாணிக் கடை. அவருக்குத் தெரிந்த ஹோட்டல் அவ்வளவுதான். பிரேசில் நாட்டு முறையில் கறி சுட்டுப் பரிமாறும் இந்த இடத்துக்கு, பிறந்தநாள் சாப்பாடு என்று சொல்லித்தான் அவரைக் கூட்டி வந்திருந்தாள்.

உண்மைக் காரணம் சந்தீப். நீளக் கம்பியில் கோத்துச் சுட்ட கறியை மேஜை மேஜையாக எடுத்துப்போய் வெட்டிப் போடுவதுதான் அவன் வேலை. புதன்கிழமை வேலூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். முதலில் அவன் கைத்திறமையைப் பார்க்கட்டும், வயிறும் குளிரட்டும், பிறகு வாயைத் திறக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

மேஜையில் வட்டமாக ஓர் அட்டை இருந்தது. பச்சைப் பக்கம் மேலே இருந்தால் கறி வந்துகொண்டே இருக்கும். சிவப்பைத் திருப்பினால் யாரும் கிட்டே வரமாட்டார்கள். அவள் விளக்குவதற்குள் அப்பாவே பச்சையைத் திருப்பி வைத்துவிட்டார். பக்கத்து மேஜையைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார் போல.

சந்தீப் ஆட்டுத்தொடையோடு வந்தான். குணசேகரனைப் பார்த்ததும் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டான்.

'சொதப்பிடாதே' என்று கண்ணாலேயே கெஞ்சினாள் ஷர்மிளா.

அவன் கத்தியை இழுத்தான். கை வெடவெடத்தது. கோணலாகச் சரிந்த துண்டைக் குணசேகரன் குட்டி இடுக்கியால் லாகவமாகப் பிடித்துத் தட்டில் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா, கை இந்த ஆட்டம் ஆடுது?" என்றார், அவன் போனதும்.

"புதுசா வேலைக்குச் சேர்ந்திருப்பாருப்பா."

வாய் கூசாமல் பொய் சொன்னாள். சந்தீப் இங்கே சேர்ந்து நாலு வருடம் ஆகிறது.

அடுத்து கோழி வந்தது, மீன் வந்தது. ஒவ்வொரு முறையும் நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. இவனை நம்பிக் கூட்டி வந்தோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பட்டைப்பொடி தூவிச் சுட்ட அன்னாசியைத் தின்று முடித்ததும் அப்பா அட்டையைச் சிவப்புக்குத் திருப்பினார்.

இனி தள்ளிப்போட முடியாது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சந்தீப்னு ஒருத்தரை எனக்குப் பிடிச்சிருக்கு. ரெண்டு வருஷமாப் பழக்கம். இப்ப வந்துட்டுப் போனாரே, அவர்தான்."

குணசேகரன் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஹவ், தெரியும். தார்நாக்கா சிக்னல்ல உன்னை அவன் பைக்லேர்ந்து இறக்கிவிட்டதைப் பார்த்தேன். சட்டையில இந்த ஹோட்டல் பேரு போட்டிருந்துச்சு."

ஷர்மிளா சுற்றும்முற்றும் சந்தீப்பைத் தேடினாள்.

"உங்கம்மாகிட்ட யூனியன் மீட்டிங்னு சொல்லிட்டு, மூணு ஞாயித்துக்கிழமை இங்கதான் தனியா வந்து உக்காந்தேன். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்புன்னு மாத்தி மாத்தித் திருப்பி அவனை அலைய விட்டேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கல, கையும் ஆடல."

அட்டையை எடுத்து மறுபடியும் பச்சைப் பக்கம் திருப்பி வைத்தார்.

"அந்த இம்சை பிடிச்ச கிழவன் உங்கப்பன்னு இன்னிக்குத்தானே அவனுக்குத் தெரிஞ்சுது, அதான் ஆடுது. பயப்படாம வந்து உக்காரச் சொல்லு."