அறுபதே போதும், மாமா

மானிட்டர் கடையில் மாமனார், மகள், மாப்பிள்ளை, விற்பனையாளர் என நான்கு பேர் இருந்தார்கள்.

"கேம் ஆடணும்னா இருநூத்தி நாப்பது ஹெர்ட்ஸ்தான் சார். திரையில படம் நொடிக்கு அத்தனை தடவை மாறும். எதிரி அசைஞ்சதுமே தெரிஞ்சிடும்," என்றான் விற்பனையாளர்.

"அறுபதே போதும், மாமா. எதுக்கு வீண் செலவு?" என்றார் மாப்பிள்ளை.

"எங்கப்பா காசுதானேன்னு நினைக்கலை பாருங்க," என்று மகள் பூரித்தாள்.

மாமனார் இருநூற்று நாற்பதையே வாங்கினார்.

"இப்படியொரு மாமனார் எனக்கு வாய்க்கலையே," என்றான் விற்பனையாளர்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் பெட்டியைத் தன் அறைக்குத் தூக்கிப் போனார்.

"நேத்து கேம்ல எங்கிட்ட தோத்துக்கிட்டே இருந்தீங்க. அதுக்காக மட்டமான மானிட்டரை என் தலையில கட்டப் பார்க்குறீங்களா, மாப்பிள்ளை? உங்க ரூமுக்குப் போய் ஆன்லைன்ல ஆட வாங்க. ஒரு கை பார்ப்போம்."

உள்ளே போனவர் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டார்.